நாச்சாரம்: தட்டில் ஏறிய கர்ணன்

ஹைதராபாத்தின் கிழக்கே உள்ள தொழிற்பேட்டை, நாச்சாரம். ஆலைகளுக்கு நடுவே இங்கே சினிமாவும் ஒரு தொழில். என்.டி. ராமாராவ் நிறுவிய ராமகிருஷ்ணா ஸ்டுடியோ இந்தப் பகுதியில்தான்.

அவரே இயக்கி, கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் என மூன்று வேடங்களில் நடித்த 'தான வீர சூர கர்ணா' 1977இல் வெளியானது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் படம். கொட்டகையில் பார்த்த அதை வீட்டுக்குக் கொண்டுவர வழிசெய்தது 12 செ.மீ. தட்டு. 1993இல் வந்த விசிடியில் அடங்குவது 74 நிமிடம். அந்தக் கணக்கில் குருக்ஷேத்திரம் முடிய நாலாவது தட்டு வேண்டும். 1996இல் வந்த டிவிடியில் இரண்டு அடுக்காகப் பதிந்தால் ஒரே தட்டு போதும்.

1998இல் பானசோனிக் கையடக்க டிவிடி பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் ஆண்ட்ராய்டு டேப்லெட்டோடு பிளேயரை இணைத்த கருவிகளும் வந்தன. எடுபடவில்லை. தட்டின் கனம் 1.2 மி.மீ.தான், சுழற்ற மோட்டார், படிக்க லேசர், மேலே ஒரு மூடி என்று சேர்ந்ததில் டேப்லெட் பருத்தது. மோட்டாரோ பேட்டரியைக் குடித்தது. கர்ணனின் தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் முன்பே திரை இருண்டுவிடும் அபாயம்!

ஆனாலும் தட்டைத் தள்ளிவிட முடியாது. இணையத்தில் இன்றுள்ள படம், உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நாளை இருக்காது. பக்கத்திலுள்ள செகந்திராபாத்தில் ஏறினால் சென்னைக்கு ஓர் இரவுப் பயணம். வழியெல்லாம் சிக்னல் கிடைக்காது. காசு கொடுத்து வாங்கிய தட்டுக்குச் சிக்னல் வேண்டாம். அதை யாரும் திரும்பக் கேட்கவும் மாட்டார்கள்.