கிம்பர்லியின் பெருங்குழியும் என் வெறும் விரலும்

கடந்த வருடம் பெண்கள் கருத்தரங்கு ஒன்றிற்காகத் தென்னாபிரிக்கா சென்றிருந்தேன். அது முடிந்த மறுநாள் புளூம்பொன்டெய்ன் நகரிலிருந்து இரண்டு மணி நேரம் வாகனத்தில் பயணித்து, கிம்பர்லி என்ற வைர நகருக்குப் போனோம்.

அங்கே எல்லோரும் பார்க்கப் போவது ஒரு குழியைத்தான். முன்பு அவ்விடத்தில் சிறு குன்று ஒன்று இருந்தது. 1871இல் அதில் வைரம் கண்டெடுக்கப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் பிக்காசுமாக வந்து குவிந்தனர். குன்று மறைந்து, கையால் தோண்டியே ஏறக்குறைய 240 மீற்றர் ஆழமான பள்ளம் உண்டானது. 1914இல் சுரங்கம் மூடப்படும்வரை கிடைத்த வைரம் 2,720 கிலோ. இன்று அடியில் பச்சை நிறத்தில் நீர் தேங்கிக் கிடக்கிறது.

அருகிலுள்ள நூதனசாலையில் தொழிலாளரின் கதையை அறிந்தேன். 1885 முதல் கறுப்பினத் தொழிலாளரை வேலி சூழ்ந்த முகாம்களில் அடைத்து வைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே போக முடியாது. வைரத்தை ஒளித்துவிடுவார்கள் என்று உடலையும் சோதித்தார்கள். முகாமும் சோதனையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வைரம் குவிந்தால் விலை விழுந்துவிடுமல்லவா? அதனால் 1888இல் செசில் ரோட்ஸ் சுரங்கங்களை இணைத்து 'டி பியர்ஸ்' கம்பனியை உருவாக்கினார். பல தசாப்தங்களாக அக்கம்பனி சந்தைக்கு வரும் வைரத்தை அளந்து அளந்தே விட்டது.

1477இல் ஒஸ்திரிய இளவரசர் மக்சிமிலியன், பேர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் அளித்ததாகச் சொல்வார்கள். ஆனால் அது நெடுங்காலம் செல்வந்தரின் வழக்கமாகவே இருந்தது. சாதாரண குடும்பங்களிடையே அதைப் பரவலாக்கியது அமெரிக்க விளம்பரம். வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்ற வாசகத்தை 1947இல் அக்கம்பனிக்காக எழுதியவர் பிரான்சிஸ் ஜெரெட்டி என்ற பெண். அவர் கடைசிவரை திருமணம் செய்யவில்லை.

வைரம் போருக்கும் உதவியது. 1991 முதல் 2002 வரை சியரா லியோனில் நடந்த போரில், கிளர்ச்சியாளர் வைரத்தை விற்று ஆயுதம் வாங்கினர். அத்தகைய விற்பனையைத் தடுக்க 2000ஆம் ஆண்டு கூட்டம் நடந்ததும் இதே கிம்பர்லியில்தான். அங்கு தொடங்கிய 'கிம்பர்லி நடைமுறை' 2003இல் அமுலுக்கு வந்தது.

திரும்பும் வழியில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தோம். விற்பனைப் பெண் என் விரலைப் பார்த்து, "உங்கள் மோதிரம் எங்கே?" என்று அன்பாகக் கேட்டாள்.

எழுத்தன்று அவர் எனக்குப் போட்டது அரைப் பவுண் மோதிரம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு, வன்னியில் மகளுக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டபோது அதை விற்று மருந்து வாங்கினேன். இன்று அவர் இல்லை. அவர் தந்ததைக் காப்பாற்றவில்லையே என்று பல வருடங்கள் மனம் குத்தியது.

பவுணை நிறுத்து விற்கலாம். கடையில் வாங்கிய வைரத்தைத் திரும்ப விற்கப் போனால் பெரும்பாலும் கொடுத்த விலை கிடைக்காது. என்றென்றைக்கும் என்பது விளம்பரத்துக்காக எழுதிய வார்த்தை என்று அறிந்தபின் என் மனப்பாரம் சற்றுக் குறைந்தது.

சகோதரிகளே, உங்களில் பலரும் தாலிக்கொடியையோ மோதிரத்தையோ அடகு வைத்திருப்பீர்கள், விற்றிருப்பீர்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம். அன்று அந்த மருந்தால் பிழைத்த மகள்தான் இந்தப் பயணத்துக்கு என்னை விமான நிலையம்வரை வந்து வழியனுப்பினாள்.