கூச்சா சௌத்ரியில் ஒரு பழைய கண்

பழைய தில்லியின் சாந்தினி சௌக் சாலையில் 2021 முதல் பகலில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. ஆனாலும் நடப்பவருக்கு நிம்மதி கிடையாது. கைவண்டியும் சைக்கிள் ரிக்‌ஷாவும் முதுகில் இடிக்கின்றன. இந்தச் சாலையிலிருந்து பிரியும் கூச்சா சௌத்ரி என்ற சந்தில் நுழைந்தால் இரண்டு பக்கமும் கேமராக் கடைகள். வட இந்தியப் புகைப்படக்காரர்களுக்கு இது மொத்த வியாபாரச் சந்தை. கல்யாண ஆல்பம், விளக்கு, முக்காலி, பை என்று எல்லாம் கிடைக்கும். அப்பாவின் லென்ஸைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் இருந்தபோது, 1984இல், அப்பா பழைய விலைக்கு வாங்கியது ஒரு சோவியத் ஜெனித் கேமரா. அதன் ஷட்டர் நின்றுபோய்ப் பல வருடங்களாகின்றன. லென்ஸ் மட்டும் பிழைத்திருக்கிறது: ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. இதில் 1985இல் எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. லோதி தோட்டத்து படா கும்பட்டின் முன்னால் அம்மா, அவர் புடவையைப் பிடித்தபடி நான்கு வயது நான். அடுத்த மாதம் அம்மா தில்லியைக் காலி செய்துவிட்டுத் தங்கையோடு இருக்கப் போகிறார். அதற்குள் அதே இடத்தில், அதே லென்ஸில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

"உங்கள் கேமரா என்ன?" கடைக்காரர் முதலில் கேட்டது அதைத்தான். கேனன் டிஎஸ்எல்ஆர் என்றதும், "தப்பித்தீர்கள்" என்றார்.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. ஹீலியோஸ், 42 மி.மீ. மரையுள்ள திருகு லென்ஸ். லென்ஸ் உட்காரும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கேனனில் அந்தத் தூரம் 44 மி.மீ. மீதமுள்ள ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. இடைவெளியில் ஓர் உலோக வளையத்தை நுழைத்துவிடலாம். நிக்கானிலோ 46.5 மி.மீ. அங்கே லென்ஸ் ஏற்கெனவே ஒரு மி.மீ. தள்ளித்தான் உட்காரும். பக்கத்து முகம் தெளியும், தூரத்துக் கும்பட் தெளியாது. அதைச் சரிக்கட்ட வளையத்திலேயே ஒரு கண்ணாடி வைத்து விற்கிறார்கள். ஆனால் அது படத்தின் கூர்மையில் கொஞ்சம் தின்றுவிடும்.

நிக்கான்காரர்களுக்கு வேறோர் ஆறுதல் உண்டு. 1959இல் வந்த அதே பூட்டுத்தான் அவர்களுடைய டிஎஸ்எல்ஆர்களிலும். பழைய நிக்கான் லென்ஸ் வளையமின்றியே ஏறும். ஆனால் 1977க்கு முந்தையதாக இருந்தால் விசாரிக்காமல் மாட்டக்கூடாது. சில கேமராக்களின் விளிம்பிலுள்ள சிறு நெம்புகோலை அது உடைத்துவிடும்.

வளையத்துக்கு 450 ரூபாய். அதைவிடப் பெரிய செலவு உள்ளே காத்திருந்தது. கடைக்காரர் லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். சிலந்தி வலை போல வெள்ளை இழைகள். பூஞ்சை. தோல் உறையோடு அலமாரியில் பூட்டி, பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்தோம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைக்காலத்திலும் பூஞ்சைக்குச் சோறு போட்டிருக்கிறது.

மாடியில் ஒரு மெக்கானிக். ஜன்னலோர மேஜை, வாட்ச் ரிப்பேர்காரரின் திருப்புளிகள். லென்ஸைப் பிரித்து, கண்ணாடிகளை வரிசையாகத் துணிமேல் வைத்தார். உள்ளே அப்பாவின் கை பட்ட எதுவும் இல்லை என்று தெரிந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "கறை போகும், தழும்பு போகாது" என்றார் அவர். பூஞ்சை, கண்ணாடியின் மேற்பூச்சை ஓர் ஓரத்தில் அரித்துவிட்டிருந்தது. வெளிச்சம் நேராக விழுந்தால் படம் வெளிறும், சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள் என்பது அவருடைய மருந்துச் சீட்டு. கூலி 1,500 ரூபாய். இனிமேல் தோல் உறை வேண்டாம், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா போதும் என்றார்.

"இந்த டிஎஸ்எல்ஆரே இப்போது பழைய சாமான்தான்" என்று கீழே கடைக்காரர் சிரித்தார். 2018இல் நிக்கானும் கேனனும் புது மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கியபின் சந்தையின் பார்வை அந்தப் பக்கம் போய்விட்டது. பழசின் மேல் பழசை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிறு காலை லோதி தோட்டம். கேமராவுக்கு இந்த லென்ஸ் யாரென்றே தெரியவில்லை. துவார எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழியம் காட்டியது. ஃபோகஸ் கையால்தான். ஹீலியோஸில் துவாரத்துக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எண்ணை வைத்து, மற்றதை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு மூட வேண்டும். பல பழைய கேமராக்களின் பார்வைக் கண்ணாடியில் உடைந்து சேரும் உருவம் இருந்தது, ஃபோகஸ் கூடியதா என்று சொல்லிவிடும். டிஎஸ்எல்ஆரில் அது கிடையாது. கண் தெளிந்ததென்று நினைத்துப் பொத்தானை அழுத்தினால், தெளிந்திருப்பது காது. கடைசியில் பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் திருப்பினேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. என் கேமராவின் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது. 58 மி.மீ. லென்ஸ் இதில் 93 மி.மீ. போல நெருக்கிப் பார்க்கும். அப்பா நின்ற இடத்தில் நின்றால் கும்பட் பாதி வெட்டுப்பட்டது. பின்னால், இன்னும் பின்னால் என்று புல்வெளியில் நடந்தேன். அதே இடம், அதே லென்ஸ் என்ற என் திட்டம் அங்கேயே முடிந்தது. அப்பாவின் படம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

பதினைந்து நிமிடமாக அசையாமல் நின்ற அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்கப்பாவும் இப்படித்தான். ஒரு படத்துக்குள்ள கழுத்தே வலிச்சுடும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த நேரம் கை தானாக அழுத்தியது.

நாற்பது படங்களில் தெளிவாக வந்தவை மூன்று. சிரிக்கும் படம் அவற்றில் ஒன்று. ஓரத்தில் லேசாக வெளிறியிருக்கிறது, மெக்கானிக் சொன்ன தழும்பு. பிரின்ட் போட்டு, ஊருக்குப் போகும் பெட்டியில் 1985ஆம் வருடப் படத்தோடு சேர்த்து வைத்தேன். அம்மா இரண்டையும் எடுத்துப் பார்த்தார்.

"அவர் எடுத்ததுல நான் சிரிக்கவே இல்லையே" என்றார்.