பன்மாகேசுவரர் காப்பு

ஆங்கில நாட்டின் பண்டை வரலாற்றை எழுதிவைத்தோர் பெரும்பாலும் மடத்துத் துறவிகளே. ஜாரோ மடத்துப் பீட் என்னும் முனிவர் கி. பி. 731-இல் தம் நூலை முடித்தனர். பீட்டர்பரோ மடத்து ஆண்டுக் குறிப்பு 1154 வரை செல்கின்றது.

நம் நாட்டில் அப்பணியை ஆற்றியது கோயிற்கல்லே. சவ்வாது மலைக்குக் கிழக்கே, போளூரை அடுத்த திருமலைச் சமணக் குன்றில் வணிகன் மனைவி ஒருத்தி விளக்கிற்கு அறம் வைத்தாள். அச்சாசனத்தின் முகப்பில், முதலாம் இராசேந்திரனது 13-ஆம் ஆட்சியாண்டு வரையுள்ள வெற்றிகள் கங்கைச் செலவு ஈறாகப் பொறிக்கப்பட்டுள. விளக்கிற்கு எழுதியது வேந்தன் வரலாறுமாயிற்று.

சிவாலயச் சாசனங்கள் பலவும் இன்னுமொன்று கூறும். இவ்வறம் பன்மாகேசுவரர் இரட்சை என்று அவை முடியும். ஆங்குத் துறவியர் எழுதினர். ஈண்டு அதனைக் காக்கும் கடன் அடியார்மேல் வைக்கப்பட்டது.

அக்கடனில் யான் தவறினேன். இம்மலையடிவாரத்துச் சிற்றூர்க் கோயிலொன்றில் திருப்பணி நிகழ்ந்தஞான்று, சுவர் தூயதாக வேண்டுமென்று யாங்கள் சுண்ணாம்பு பூசினோம். பூசி முடித்தபின் முதியவர் ஒருவர், "அங்கே எழுத்திருந்ததே, ஐயா" என்றார். ஈரத்துணி கொண்டு துடைத்தும் சில எழுத்துக்களே புலப்பட்டன. எஞ்சியவை என்ன கூறினவோ, சிவபெருமானே அறிவர். அன்று முதல், திருநீறு அணியுந்தோறும் அச்சுவர் என் நினைவில் எழுகின்றது.

அன்பர்காள்! திருப்பணி தொடங்குமுன் சுவரைப் படியெடுப்பியுங்கள். சுண்ணாம்பும் மணல்வீச்சும் கல்லெழுத்தை அணுகாவண்ணம் காமின். அவ்வறத்தை முன்னோர் ஒப்புவித்தது நம்மிடத்தேயாம்.

திருச்சிற்றம்பலம்.