சுண்ணாம்பு டப்பியில் ஒரு குண்டு

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் இறக்குவானைக்கு அருகேயுள்ள எங்கள் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். பொங்கல் கழிந்த மறுநாட் காலை, அடுத்த கிராமத்திலிருந்து சிங்கள நண்பர் ஒருவர் என்னைத் தேடி லயத்துக்கு வந்தார். அவரும் நானும் சிறு வயதில் ஒரே ஓடையில் குளித்து வளர்ந்தவர்கள். அவருடைய மரவள்ளிக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் இரண்டே இரவுகளில் ஏர் பூட்டி உழுததுபோல் உழுதுவிட்டுப் போயிருந்தன. பயிர்க் காவலுக்கென அவருடைய தந்தையார் காலந்தொட்டு அனுமதிப்பத்திரத்துடன் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது.

"மாஸ்டர், நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பன்றிக்கு எந்தத் தோட்டா நல்லது? சின்னச் சன்னமா, பெரிய சன்னமா?" என்று கேட்டார்.

வீட்டில் எலிப்பொறி வைப்பதற்கே நாலு நாள் யோசிக்கின்ற என்னிடம் இப்படியொரு கேள்வி! வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அம்மாவின் அலுமாரியில், பழைய அடையாள அட்டைகளுக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் நடுவே இருக்கும் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி என் நினைவுக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டு அதை வாங்கி வந்து, நண்பர் முன்னிலையில் திறந்தேன். உள்ளே காளான் குடைபோல் விரிந்து, ஒரு பக்கம் பிய்ந்துபோன உலோகத் துண்டொன்று கிடந்தது.

அது என் தாத்தாவின் சொத்து.

தாத்தா தோட்டத்துக் காவற்காரர். காட்டின் ஒவ்வொரு தடமும் அவருக்குத் தெரியும் என்பதால், பெரியதுரை வேட்டைக்குப் புறப்படும்போதெல்லாம் முன்னே நடப்பவர் அவரே. துவக்கு துரையுடையது, கண்கள் தாத்தாவுடையவை என்று சொல்லலாம். 1950களிலும் 1960களிலும் துரைமார் அனுமதிப்பத்திரம் பெற்று வேட்டையாடுவது வழக்கம். மலையகத்துத் துரைமாருக்கும் வேட்டைக்கும் இருந்த உறவு நெடியது. 1854 இல் சாமுவேல் பேக்கர் எழுதி வெளியிட்ட இலங்கை வேட்டை நூல் இலண்டனில் விரும்பிப் படிக்கப்பட்டது. விலங்குகள் அருகிப்போகின்றன என்று கவலைப்பட்டு 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தவர்களும் தோட்டத்துரைமாரையும் வேட்டைக்காரரையும் உள்ளடக்கிய ஒரு கூட்டத்தினரே. சுட்டவர்களே காக்கவும் முற்பட்டார்கள் என்பது வேடிக்கையான சரித்திரந்தான்.

எங்கள் துரையிடம் இருந்தது கால் அங்குலக் குழலுடைய ரைபிள். அதற்கு அவர் இருவகைத் தோட்டாக்கள் வைத்திருந்தார். ஆங்கில எழுத்து அறியாத தாத்தா அவற்றுக்குத் தாமே பெயரிட்டிருந்தார். ஒன்று 'குட்டை', மற்றது 'நெட்டை'. குட்டை மானுக்கு, நெட்டை பன்றிக்கும் மரைக்கும் என்பது துரை வகுத்த விதி.

1961 ஆம் ஆண்டு, மழைவிட்ட ஒரு காலைப்பொழுது. கேளையாடு தேடிப் புறப்பட்டார்கள். துவக்கில் குட்டை ஏறியிருந்தது. தாத்தாவுடன் அவருடைய தம்பியும், அதாவது என் சின்னத்தாத்தாவும், போயிருந்தார். ஓடைக்கரைச் சேற்றில் புரண்டுகொண்டிருந்த கொம்பன் பன்றி ஒன்று திடீரென எழுந்து நின்றது. தோட்டாவை மாற்றுவதற்கு நேரம் இருந்தது என்றே தாத்தா கடைசிவரை சொல்லுவார். துரை மாற்றவில்லை, சுட்டார். பன்றி ஒருமுறை முழந்தாளிட்டது. பிறகு எழுந்து மூங்கிற் புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

"நன்றாகப் பட்டிருக்கிறது. போய் இழுத்து வாருங்கள்" என்று துரை சொன்னாராம்.

அண்ணனும் தம்பியும் கத்தியும் நாயுமாகப் புதருக்குள் நுழைந்தார்கள். இழுத்து வரவேண்டிய பன்றி எதிரே வந்தது. சின்னத்தாத்தாவின் வலது தொடை முழங்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. கம்பளியில் கிடத்திச் சுமந்துவந்து, தோட்டத்து லொறியில் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் பிழைத்தது, நடை பிழைக்கவில்லை. சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்கீழ் அவர் இந்தியா சென்றபோது, கடவுச்சீட்டில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அந்தத் தழும்பைத்தான் எழுதினார்கள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலை மலையிலும் அவர் நொண்டியபடியே வேலை செய்து முடித்தார்.

பன்றியை மூன்றாம் நாள்தான் நாய்கள் கண்டுபிடித்தன. அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. துரை நெட்டைக் குண்டினால் அதன் வேதனையை முடித்தார். தோலுரித்தபோது முதற்குண்டு தோளிலேயே, தோலுக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில் அகப்பட்டது. இதயத்தையோ நுரையீரலையோ அது எட்டியே பார்க்கவில்லை. சுற்றிலும் அழுகிய சதை. அந்தக் குண்டைக் கழுவித் தாத்தா எடுத்து வைத்துக்கொண்டார்.

இது ஏன் நடந்தது என்பது நான் பௌதிகம் படிப்பிக்கத் தொடங்கிய பின்னரே எனக்கு விளங்கிற்று. ஒருமுறை அந்தத் துண்டைக் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றேன். சிதையாமல் எஞ்சியிருந்த அடிப்பாகத்தை நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளந்தபோது ஆறரை மில்லிமீற்றர் காட்டியது. சரியான கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர் அல்லவா? குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழற்றுவதற்காக வெட்டப்பட்டுள்ள சுருள் பள்ளங்களையும் நிரப்பும்படி குண்டைச் சற்றுப் பருமனாகவே வார்க்கிறார்கள். ஆகையால் கால் அங்குலத் துவக்கின் குண்டு உண்மையில் 0.257 அங்குலம். அளவு பொருந்திற்று.

அடுத்துத் தராசில் வைத்தேன். 2.4 கிராம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. வேட்டைக் குண்டுகளை இன்றும் 'கிரெய்ன்' என்னும் பழைய அளவையாலேயே நிறுக்கிறார்கள். அது ஒரு தானியமணியின் எடையிலிருந்து பிறந்த அளவை; ஓர் இறாத்தலுக்கு 7000 கிரெய்ன். நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் நிற்கும். கால் அங்குலத் துவக்குக்குப் பெரும்பாலும் வழங்கும் குண்டுகள் 87, 100, 117, 120 கிரெய்ன் எடையுள்ளவை. தாத்தாவின் குட்டை 87 ஆகவும், நெட்டை 117 ஆகவும் இருந்திருக்க வேண்டும். 87 கிரெய்ன் என்பது 5.6 கிராம். டப்பியில் இருந்ததோ அதிற் பாதிகூட இல்லை. மிச்சம் எங்கே? தூள்தூளாகப் பன்றியின் தோளிலேயே சிதறிப்போயிற்று.

மானின் விலாப்புறம் மெல்லியது. மெல்லிய செப்பு உறையும் உள்ளே மெதுவான ஈயமுமாகச் செய்த இலகுவான குண்டு, அதிவேகமாகப் புகுந்து நுரையீரலுக்குள் விரிந்தால் மான் சில வினாடிகளில் விழுந்துவிடும். அந்தக் குண்டு செய்யப்பட்டதே அதற்காகத்தான். ஆனால் முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில், தோலுக்குக் கீழே தடித்த நார்த்தசை ஒரு கேடயம்போல் படிந்திருக்கிறது. ஆண்பன்றிகள் ஒன்றையொன்று கொம்பினாற் குத்திக்கொள்ளும்போது காப்பதற்கு இயற்கை கொடுத்த கவசம் அது. அதன்மேல் சேறு வேறு காய்ந்து பூசியிருக்கும். மானுக்குள்ளே போய் விரியவேண்டிய குண்டு, பன்றியின் வாசற்படியிலேயே விரிந்துவிடுகிறது.

மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. 87 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 3000 அடியும், 117 கிரெய்ன் குண்டு 2650 அடியும் செல்வதாகக் கொண்டால், இரண்டின் இயக்கசக்தியும் ஏறக்குறையச் சமமே; ஒன்றுக்கு 2350 யூல், மற்றதற்கு 2470 யூல். சக்தியை மட்டும் பார்ப்பவன் இரண்டும் ஒன்றே என்பான். உந்தத்தைப் பார்த்தால் பாரமான குண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அதற்கும் மேலாக, பருமன் ஒன்றாயிருக்க நீளம் கூடிய குண்டு தன் திணிவையெல்லாம் ஒரே சிறு வட்டத்தின் பின்னால் திரட்டி வைத்திருக்கிறது. சிதையாவிட்டால் ஆழமாகப் போகிறது. ஆகையால் எத்தனை சக்தி என்பதிலும் பார்க்க, அந்தச் சக்தி எந்த ஆழத்தில் செலவாகிறது என்பதே கேள்வி.

அந்த 87 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. சார்ல்ஸ் நியூட்டன் என்ற அமெரிக்கர் கால் அங்குலத் தோட்டா ஒன்றை வகுத்துக் கொடுத்தபோது, 100 கிரெய்ன் குண்டே தகுந்தது என்றார். அதை 1915 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனமோ, வினாடிக்கு 3000 அடி என்று விளம்பரம் செய்ய விரும்பி 87 கிரெய்ன் குண்டை வைத்தது. பாரம் குறைந்தது, வேகம் ஏறியது, விளம்பரம் வென்றது. பந்தயக் குதிரைக்கும் வண்டி மாட்டுக்கும் உள்ள வேற்றுமையை விளம்பரத்தில் யார் எழுதப் போகிறார்கள்?

ஜோன் நொஸ்லர் என்ற இன்னோர் அமெரிக்கர் 1946 இல் கனடாவில் கடம்பை மானொன்றைச் சுட்டபோது, அதன் உடலிற் காய்ந்திருந்த சேற்றிலும் தடித்த தோலிலும் குண்டுகள் சிதறின; விலங்கு விழவில்லை. அவர் வீட்டுக்கு வந்து, குண்டின் நடுவே செம்பினால் ஒரு தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி சிதையாமல் ஊடுருவும் குண்டைச் செய்தார். 1948 முதல் அது விற்பனைக்கு வந்தது. ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த குண்டுகளும், ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகளும் பின்னர் வந்தன. பன்றிக்கு இவற்றுள் ஒன்றையோ, இல்லையெனில் 117 அல்லது 120 கிரெய்ன் எடையுள்ள தடித்த உறைக் குண்டையோ கொள்வதே கால் அங்குலத் துவக்குக்காரனுக்கு அழகு. பன்றியின் இதயம் மானின் இதயத்தைவிடக் கீழாகவும் முன்பக்கமாகவும் இருக்கிறது. மானுக்குக் குறிபார்ப்பதுபோல் தோளுக்குப் பின்னே குறிபார்த்தவன் குடலில் சுட்டு, விலங்கை நாட்கணக்கில் வதைப்பான்.

துரைக்கு இவையெல்லாம் தெரியாமலா இருந்தன? விதியை வகுத்தவரே அவர்தாமே. குண்டைத் தெரிந்தவர் ஒருவர், அதன்பின்னே புதருக்குள் நுழைந்தவர்கள் வேறு இருவர் என்பதில்தான் தவறு இருந்தது. சுட்டவரே போய்ப் பார்க்கவேண்டும் என்றிருந்தால் தோட்டா மாற அரை நிமிடம் போதும். அந்த விபத்துக்குப் பிறகு தாத்தா ஒரு காரியம் செய்தார். பங்களாவிலிருந்து புறப்படும்போது இரண்டு பெட்டிகளையும் தாமே வாங்கித் தம் மடியில் கட்டிக்கொண்டார். துரைக்கு வேண்டிய தோட்டாவைத் தாமே எடுத்து நீட்டினார். துரையும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

நண்பர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். அவருடைய துவக்கு ரைபிள் அல்ல. பன்னிரண்டாம் இலக்கம் என்றால், ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று அந்தக் குழலுக்குள் பொருந்தும் என்று பொருள். பறவைக்குரிய சிறு சன்னம் பன்றியின் தோளில் வெறும் கல்லெறிதான். எஸ்.ஜி. எனப்படும் பெரிய சன்னம் ஒவ்வொன்றும் மூன்றரைக் கிராம் நிற்கும். அதுவும் முப்பது யாருக்குள் நின்றாலன்றிப் பயன்படாது. "பெரிய சன்னம், கிட்ட வந்தால் மட்டும், இருட்டில் சந்தேகமென்றால் தகரத்தைத் தட்டுங்கள்" என்றேன். மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன என்பதை அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர் சற்றுத் தயங்கி, "தோட்டாவுக்குக் காசு வேண்டும், மாஸ்டர். கம்பிக்கு அவ்வளவு செலவில்லை என்று பொடியன்கள் சொல்கிறார்கள்" என்றார்.

கம்பி என்றால் சுருக்குக் கம்பி. கட்டுத்துவக்கையும், இரைக்குள் மறைத்துவைக்கும் 'ஹக்க பட்டாஸ்' வெடியையும்போல் அதுவும் ஆள் இல்லாமலே கொல்லும் பொறி. யாருக்கு வைத்தோம் என்பது அதற்குத் தெரியாது. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில், சிவனொளிபாதமலையின் மறுபக்கத்தில், நல்லதண்ணித் தோட்டமொன்றில் பன்றிக்குரிய கம்பியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை நினைவூட்டினேன். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. எங்கள் தலைமுறையில் மலையகம் கண்ட மிக அபூர்வமான விலங்கு அது. இங்கே தவறான குண்டைத் தெரிந்தவர் என்று சொல்வதற்குக்கூட ஆள் இல்லை.

நண்பர் பதில் சொல்லவில்லை. டப்பியிலிருந்த துண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இதை ஏன் அவர் இத்தனை வருடம் வைத்திருந்தார்?" என்று கேட்டார்.

சிறுவனாக இருந்தபோது அதே கேள்வியை நானும் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். துரை 1970களின் தொடக்கத்திலேயே கப்பலேறிவிட்டார். நான் கேட்டபோது அவர் போய் இருபது வருடம் இருக்கும். வெற்றிலையை மென்றுகொண்டிருந்த தாத்தா, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அது தொரையோட சாமானப்பா. வந்து கேட்டா குடுக்கணுமில்ல?" என்றார்.