ராயபுரம் பரணில் ஒரு சிப்பாய்!

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணை ஒழித்தால் என்ன கிடைக்கும்? பித்தளை அண்டா, ஓட்டை ஹரிக்கேன் விளக்கு, தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை. என் நண்பனுக்குக் கிடைத்தது துப்பாக்கி!

காலை 6 மணிக்கு போன். "மச்சி, வூட்டாண்ட வா. இது போன்ல சொல்ற மேட்டர் இல்ல."

போனேன். கூடத்து நடுவில் பழைய வேட்டியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் குடும்பம், எழவு வீடு மாதிரி. அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காரணம் இருக்கிறது. சின்னவனுக்குத் துறைமுகத்தில் வேலை தகைந்து, போலீஸ் விசாரணைக்கு ஆள் வரப்போகிற வாரம் அது.

தாத்தா எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் காவலுக்கு இருந்தவர். அவருடைய லைசென்ஸ் புத்தகமும் கூடவே இருந்தது. அது காலாவதியாகிப் பல வருஷம். தாத்தாவும்தான்!

"வெள்ளைக்காரன் காலத்து ஐட்டம், லட்சம் போகும்" என்றான் நண்பன். "ராவோட ராவா காசிமேட்டுக் கடல்ல போட்டுடலாம்" என்றார் அவன் மாமா. நான் பி.காம். எனக்கு இரண்டுமே நஷ்டக் கணக்காகப் பட்டது. யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ரிட்டயர்ட் ஹவில்தாரை அழைத்துவர நண்பனின் புல்லட்டில் கிளம்பினோம்.

அந்தச் சாலையில் போயிருக்கிறீர்களா? இடது பக்கம் மேலே மெட்ரோ, வலது பக்கம் கடல் காற்று என்று கற்பனை செய்யாதீர்கள். கன்டெய்னர் லாரிகளின் வால் எங்கே, தலை எங்கே என்று தேடிக்கொண்டே போக வேண்டும். காசிமேட்டில் மீன் வாசனை, டோல்கேட்டில் டீசல் வாசனை, திருவொற்றியூர்த் தேரடியில் வடிவுடையம்மன் புண்ணியத்தில் கொஞ்சம் கற்பூர வாசனை.

ஹவில்தார் வந்தார். முதலில் குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். போல்ட்டை இழுத்து உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தார். விரலை விட்டும் பார்த்தார். "முதல் பாடம் இதான் தம்பி. காலி துப்பாக்கின்னு ஒண்ணு கிடையாது, நீ பார்த்து முடிக்கிற வரைக்கும்."

பிறகு கட்டைக்கு முன்னால் உள்ள இரும்பு வளையத்தைத் துணியால் தேய்த்தார். மங்கலாக ஒரு கிரீடம், ஈசாப்பூர் என்ற எழுத்து, 1918. கல்கத்தா பக்கத்து ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்த லீ-என்ஃபீல்டு. என்.சி.சி.யில் நாம் சுமந்த அதே த்ரீ நாட் த்ரீ வம்சம். உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுத்ததே 2020-ல்தான்.

"அப்ப லட்சம்தானே சார்?" என்றான் நண்பன்.

ஹவில்தார் ஒரு பென்சில் கேட்டார். குழாய் வாயில் விட்டார். லொடலொட என்று ஆடியது. "த்ரீ நாட் த்ரீன்னா 7.7 மில்லிமீட்டர். பென்சில் ஒட்டினாப்ல நிக்கும். உள்ளே அஞ்சு வரி இடதுபக்கமா சுத்தியிருக்கும். இதுல வரியே இல்ல, வழவழன்னு இருக்கு. 10 மில்லிமீட்டருக்கு மேல. இது பாயின்ட் 410 மஸ்கட்." பத்து தோட்டா பிடிக்கிற பெட்டி இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை அடைத்திருந்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே குண்டு!

ஏன் இப்படி? வெள்ளைக்காரன் பயம். 1857 கலகத்துக்குக் காரணமான கொழுப்புத் தோட்டாவும் ஒரு என்ஃபீல்டு துப்பாக்கியுடையதுதான். அதற்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு வரியில்லாத குழாயைக் கொடுத்து, குறி தவறும்படி பார்த்துக்கொண்டார்கள். அந்தப் புத்தியின் பேரப்பிள்ளை இந்த மஸ்கட். போலீஸ், சிறைக் காவலுக்குப் போதும். திருட்டுப் போனாலும் ராணுவத் தோட்டா இதில் வேலை செய்யாது.

இதற்குப் பிறகும் யாரோ கைவைத்திருந்தார்கள். முன்கட்டையைப் பாதியில் அறுத்து, கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் அடித்திருந்தார்கள். போல்ட்டில் ஒரு நம்பர், உடம்பில் வேறு நம்பர். "வண்டியில இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கும் ஒத்துப்போகலன்னா வாங்குவியா? அதே கதை. இதைச் சுட்டா முன்னால நிக்கிறவனைவிட பின்னால நிக்கிறவனுக்குத்தான் ஆபத்து."

"மதிப்பு?"

"விறகு விலை."

நண்பன் முகம் தொங்கியது. ஹவில்தார் வாசலில் நின்ற புல்லட்டைக் காட்டினார். "துப்பாக்கி வேணும்னா அதை வெச்சுக்கோ. அந்த கம்பெனி ஆரம்பத்துல என்ஃபீல்டு துப்பாக்கி ஃபேக்டரிக்குத்தான் பார்ட்ஸ் செஞ்சு குடுத்துது. அதான் அந்தப் பேரு. 'துப்பாக்கி மாதிரி செஞ்சது'ன்னு விளம்பரம் வேற. 1955-ல கம்பெனி நம்ம ஊருக்கு வந்து, திருவொற்றியூர்ல புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க."

மாமா விடவில்லை. "அப்ப கடல்ல..."

"கடல்ல போட்டா வலையில வரும்!"

1959 ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் செத்துப்போன துப்பாக்கியைத் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதைத் தெருவில் தூக்கிக்கொண்டு போகவில்லை. முதலில் தகவல் சொன்னோம், அவர்களே வந்தார்கள். ஏன் இத்தனை நாள் என்று கேட்டார்கள். பரண் கதையை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ரசீது கொடுத்தார்கள். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

நாலாம் நாள் சின்னவனின் விசாரணைக்கு ஏட்டு வந்தார். எல்லாருக்கும் வயிற்றில் புளி. அவர் தெருமுனையிலேயே கேட்டாராம்: "துப்பாக்கி ஒப்படைச்ச வூடு எது?"

டீ குடித்துவிட்டு, ஃபாரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார். கிளம்பும்போது பரணைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி.

"மேல பீரங்கி கீரங்கி எதுவும் இல்லையே?"