கொட்டாங்குச்சி வாசல்

கொளத்தூரில் ஒரு குறுகலான தெரு. தரைத்தள வீட்டின் முன்னறையில், சுவரோரமாக இரும்பு ஸ்டாண்டின் மேல் மூன்றடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி. அறையின் டியூப்லைட்டை அந்த வீட்டுப் பெரியவர் அணைத்துவிட்டார். தொட்டிக்கு மேலே உள்ள விளக்கு மட்டும் எரிகிறது. தண்ணீர் லேசான பழுப்பாகத் தெரிகிறது. நாட்டு வாதுமை இலைகள் ஊறி இறங்கிய நிறம் அது.

பின்பக்கம் அமேசான் ஸ்வார்டு செடிகள் நீண்ட இலைகளை நீர்மட்டம் வரை நீட்டியிருக்கின்றன. நடுவில் ஒரு மரவேர். அதைச் சுற்றி ஜாவா பாசி அடர்ந்து படர்ந்திருக்கிறது. முன்பக்கம் மெல்லிய மணல், அதன்மேல் சருகுகள். இடது மூலையில் கவிழ்த்து வைத்த பாதிக் கொட்டாங்குச்சி. அதன் விளிம்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாசல் அறுத்திருக்கிறார்.

அந்த வாசலில் ஒரு பெண் மீன் நிற்கிறது. இரண்டு அங்குலம்தான் இருக்கும். உடம்பெல்லாம் பளீரென்ற மஞ்சள். கண்ணிலிருந்து கன்னத்தில் இறங்கும் ஒரு கறுப்புக் கோடு. வயிற்றடித் துடுப்புகளின் முன்விளிம்பிலும் கறுப்பு. மற்ற நாட்களில் சாம்பல் கலந்த மங்கல் நிறத்தில் சருகோடு சருகாகக் கிடக்கும் மீன் இது. முட்டையிட்டுக் காவலில் இறங்கியதும் இந்த மஞ்சளுக்கு மாறியிருக்கிறது. எதிரே வருகிற எந்த மீனுக்கும் அது எச்சரிக்கை.

அப்பிஸ்டோகிராம்மா ககடுவாய்டிஸ் என்பது அறிவியல் பெயர். 1951-இல் ஹூடெமன் என்ற டச்சு ஆய்வாளர் வைத்தது. கொளத்தூர் வட்டாரத்தில் ‘அப்பிஸ்டோ’ என்றால் போதும். பெரு நாட்டின் உகயாலி ஆறும் அதையொட்டிய அமேசான் பகுதியும் இதன் தாயகம். அங்கே ஆழமில்லாத ஓடைகளின் கரையோரம் காட்டு மரங்களின் இலைகள் உதிர்ந்து அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அந்தச் சருகு அடுக்குகளுக்கு இடையில்தான் இதன் வாழ்வு. ஒளிவதும் இரை தேடுவதும் முட்டையிடுவதும் அங்கேதான். சென்னை வீட்டில் அந்தச் சருகுக்கு வாதுமை இலையும், அடியில் உள்ள பொந்துக்குக் கொட்டாங்குச்சியும் வாய்த்திருக்கின்றன.

செடிகளுக்கு இங்கே வேறு வேலை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. அதைவிட முக்கியம், பார்வையை மறைப்பது. அப்பிஸ்டோக்களில் ஆண் ஒன்று, பெண் இரண்டு இந்தத் தொட்டியில். பெண் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எல்லை வைத்துக்கொள்ளும். ஆண் அத்தனை எல்லைகளையும் சேர்த்து ஆளும். ஒன்றையொன்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தால் ஓயாமல் துரத்தும். நடுவில் வேரும் பாசியும் இருப்பதால் இரண்டு பெண்களும் தத்தம் மூலையில் நிம்மதியாக இருக்கின்றன.

மணலில் ஏதோ அசைகிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது, குஞ்சுகள். அறுபது எழுபது இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு கண்ணும் ஒரு வாலுமாக மட்டுமே கண்ணுக்குப் படுகிறது. தாய் நகர்ந்தால் கூட்டமும் நகர்கிறது. தாய் ஒரு வாய் மணலை அள்ளி மென்று துப்புகிறது. தூசி கிளம்புகிறது. குஞ்சுகள் அந்தத் தூசிக்குள் பாய்ந்து, கண்ணுக்குத் தெரியாத எதையோ கொத்துகின்றன.

பேத்தி ஓடி வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்கிறாள்.

“தாத்தா, தட்டட்டா?”

“வேணாம்மா. அது புள்ளைங்கள வச்சிருக்கு.”

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். பெரியவரும் அப்படித்தான் நிற்கிறார். அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அதற்கு மேல் செய்வதற்கு எதுவும் இல்லை.

செய்ய வேண்டியதை அவர் முன்பே செய்து முடித்திருக்கிறார். இங்குள்ள போர் தண்ணீர் உப்பும் கடினமும் மிகுந்தது. அமேசான் ஓடைத் தண்ணீரோ மென்மையானது. அதனால் ஆர்.ஓ. தண்ணீரை அதிகம் கலந்து ஒரு டிரம்மில் ஊறவைக்கிறார். வாரம் ஒருமுறை தொட்டியில் கால்வாசி தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் உள்ள டிரம் தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறார். ஃபில்டர் ஒரு சாதாரண ஸ்பாஞ்ச். குஞ்சுகளை உறிஞ்சாது. அதில் குடியேறிய பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. மீன் விடும் முன் இந்தத் தொட்டி வாரக்கணக்கில் வெறும் செடியோடு ஓடியிருக்கிறது.

முட்டைகள் கொட்டாங்குச்சியின் உட்கூரையில் ஒட்டியிருந்தன. பொரிய இரண்டு மூன்று நாள். பொரித்தவை மஞ்சள்கருப் பையைக் கரைத்து முடித்து நீந்தக் கிளம்ப, மேலும் நான்கைந்து நாள். அதுவரை கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குவது லேசான காரியம் அல்ல. தூக்கினால் தாய் மிரளும். மிரண்டால் முட்டைகளைத் தானே தின்றுவிடவும் கூடும். பெரியவர் தூக்கவில்லை. பெண் மஞ்சளாகி வாசலை விட்டு நகராமல் நிற்பதை வைத்தே உள்ளே நடப்பதைக் கணக்கிட்டிருக்கிறார்.

இப்போது சமையலறைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலோடு வருகிறார். அடிப்பாகத்தை அறுத்துத் தலைகீழாக நிறுத்திய தண்ணீர் பாட்டில். உள்ளே உப்புத் தண்ணீர், காற்றுக்குழாய், நேற்று போட்ட, ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டைகள். குழாயை நிறுத்துகிறார். வெற்று ஓடுகள் மேலே மிதக்கின்றன. பாட்டிலின் கழுத்தருகே டார்ச் அடிக்கிறார். வெளிச்சத்தைத் தேடி ஆரஞ்சு நிறத் துகள்கள் அங்கே திரள்கின்றன. அத்தனையும் உயிர். மெல்லிய குழாயால் அவற்றை உறிஞ்சி, துணி வலையில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, சொட்டு மருந்துக் குழலால் கொட்டாங்குச்சிக்கு அருகே மெதுவாக விடுகிறார்.

குஞ்சுகள் முதலில் அசையவில்லை. தாய் உடம்பை ஒருமுறை சிலிர்க்கிறது. கூட்டம் கலைந்து வேட்டையில் இறங்குகிறது. சற்று நேரத்தில் ஒவ்வொரு குஞ்சின் வயிறும் குண்டூசித் தலை அளவுக்கு ஆரஞ்சாகப் புடைத்துத் தெரிகிறது. பேத்தி எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறாள்.

வேருக்குப் பின்னாலிருந்து ஆண் வருகிறது. மூன்றங்குல உடம்பு, விசிறியாய் எழுந்த முதுகுத் துடுப்பு, வாலில் சிவப்பும் கறுப்புப் புள்ளிகளும். பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வந்த சிவப்பு. கடையில் ‘டபுள் ரெட்’ என்பார்கள். தாய் வயிற்றடித் துடுப்புகளைச் சட்டென்று வெட்டி அசைக்கிறது. குஞ்சுகள் அத்தனையும் மணலில் படிந்து உறைகின்றன. எங்கே போயின என்றே தெரியவில்லை. தன்னைவிடப் பெரிய ஆணை நோக்கித் தாய் நேராகப் பாய்கிறது. ஆண் திரும்பிப் போகிறது. இரண்டாவது அசைவில் மணல் மறுபடி உயிர் பெறுகிறது. ஒரு குஞ்சு மட்டும் பாசிப் பக்கம் விலகி நிற்கிறது. தாய் அதை வாயில் கவ்வி எடுத்துவந்து கூட்டத்தில் துப்புகிறது.

பெரியவர் ஸ்டாண்டில் தொங்கும் நோட்டை எடுக்கிறார். ஒவ்வொரு வரியிலும் தேதி, காலைச் சூடு, மாலைச் சூடு. தொட்டியின் மேல்மூடி திறந்திருக்கிறது. ஒரு சிறிய ஃபேன் நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசுகிறது. ஆவியாதல் கூடினால் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி குளிரும். இந்த அக்கறைக்குக் காரணம் உண்டு. 1996-இல் ஊவே ரோமர், வோல்ஃப்காங் பைசன்ஹெர்ஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் 30-க்கும் மேற்பட்ட அப்பிஸ்டோ இனங்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில், பொரித்த முதல் சில வாரங்களின் நீர்ச்சூடு குஞ்சுகள் ஆணாகுமா பெண்ணாகுமா என்பதைப் பாதிக்கிறது என்று கண்டார்கள். சூடு கூடினால் ஆண்கள் மிகும். குறைந்தால் பெண்கள் மிகும். சென்னைக் கோடையில் கவனிக்காமல் விட்ட தொட்டியில் வளரும் கூட்டம் பெரும்பாலும் ஆண்களாகவே போய்விடக்கூடும். அந்த வம்சத்தை மேலே கொண்டுபோகப் பெண் கிடைக்காது. பெரியவர் இருபத்தாறு என்று எழுதி நோட்டை மாட்டுகிறார்.

விளக்கு மெல்ல மங்குகிறது. செடிகளுக்கு நடுவே திரிந்த பென்சில் மீன்களின் நீளக்கோடுகள் மறைந்து, உடம்பில் இருண்ட திட்டுகள் தோன்றுகின்றன. அவற்றுக்கு அது இரவு உடை. தாய் குஞ்சுகளை வாசல் நோக்கி ஓட்டுகிறது. பின்தங்கியவற்றைக் கவ்விக் கொண்டுபோய் உள்ளே துப்புகிறது.

கதவருகே ஒரு பையன். கல்லூரி மாணவனாக இருக்கலாம்.

“சார், அப்பிஸ்டோ ஒரு ஜோடி வேணும்.”

“தொட்டி எவ்ளோ நீளம்?”

“ரெண்டடி சார்.”

“தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு?”

“போன ஞாயித்துக்கெழம.”

பெரியவர் பக்கத்துத் தொட்டியில் கைவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சுகளில் ஒன்றை உருவுகிறார். பிழியாமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போடுகிறார். கூடவே ஒரு கைப்பிடி பாசி, இரண்டு வாதுமை இலை.

“இந்த ஸ்பாஞ்ச உன் ஃபில்டரோட சேத்து ஓட்டு. தெனம் ஒரு சிட்டிகை தீனி போடு, மீன் இல்லன்னாலும் போடு. செடி வை. அம்மோனியா டெஸ்ட் பண்ணி, சைபர்னு வந்தப்புறம் வா.”

“மீனு?”

“இந்தக் குஞ்சுங்க விக்கிற அளவுக்கு வளரவும் மாசக்கணக்காகும். ஜோடியா கேக்காத. ஒரு ஆணு, ரெண்டு பொட்டையா எடுத்துக்க. பொட்டைக்கு ஒண்ணா கொட்டாங்குச்சி வச்சிடு.”

பையன் செல்போனில் குறித்துக்கொள்கிறான். பணம் எவ்வளவு என்று கேட்கிறான். மீன் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் பெரியவர். பிறகு உள்ளே குரல் கொடுத்து, வீட்டில் உடைத்த தேங்காயின் ஓடு ஒன்றை எடுத்துவரச் சொல்லி அதையும் அவன் கையில் கொடுக்கிறார்.

“நாரெல்லாம் நல்லா சுரண்டி, கொதிக்க வச்சு, ஊற வச்சுக்க. வாசல சின்னதா அறு. பொட்டை மட்டும் நுழையணும், ஆணு நுழையக் கூடாது.”