ரப் நோட்டில் முதல் வரி

திமிரி ஒன்றியத்தில் வகுப்பாசிரியராக எனக்கு 19 வருடம். மாணவர் பதிவுக்கு எமிஸ், ஆப், லாகின் எல்லாம் வந்த பிறகும் என் மேசையில் ஒரு ரப் நோட்டு இருக்கிறது. பிள்ளைகளுக்குள் சண்டை, பாதியில் ஓடிப்போனது, பெஞ்சு உடைந்தது, எதுவானாலும் முதலில் அதில்தான் எழுதுவேன். பிறகுதான் ஹெச்.எம். பார்வைக்கு, கணினிக்கு.

இந்தப் பழக்கம் என் முதல் ஹெச்.எம். கொடுத்தது. 'மாணவன் முரட்டுத்தனமாக நடந்துகொண்டான்' என்று எழுதிப் போயிருந்தேன். அவர் சிவப்பு மையால் 'முரட்டுத்தனமாக' என்பதைச் சுழித்தார். "ஏம்மா, இது நீங்க பாத்ததா, நெனச்சதா?" திரும்பிப் போய் விசாரித்து எழுதினேன்: காலை இடைவேளை, குழாயடி, வலது கையால் தள்ளினான், விழுந்தவனுக்கு முட்டியில் சிராய்ப்பு, பார்த்தவர் பி.டி. சார். விசாரித்ததில்தான் தண்ணீர் பாட்டிலை முதலில் பிடுங்கியவன் விழுந்த பையன் என்று தெரிந்தது. அதையும் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

புதிதாக வருபவர்கள் 'அடிக்கடி' என்று எழுதுவார்கள். எந்தெந்தத் தேதி என்று கேட்பேன். ஒரே வகுப்பில் ஒரே பெயர், ஒரே இனிஷியல் இருவருக்கு இருக்கும். எமிஸ் எண்ணைப் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது. ஒன்றை மட்டும் நோட்டோடு நிறுத்தக் கூடாது. பாலியல் சீண்டல் என்று காதில் விழுந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

2022 ஏப்ரலில் ஆம்பூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியொன்றில் ஆசிரியரை மாணவன் அடிக்கப் பாய்ந்த வீடியோவைப் பார்த்து எனக்கும் கை நடுங்கியது. அடுத்த மாதமே அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, அப்படி நடந்தால் மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்கி, காரணத்தை டி.சி.யில் குறிப்போம் என்று சட்டமன்றத்தில் சொன்னார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் டி.சி.யில் 'ஒழுக்கமும் பண்பும்' என்ற கட்டம் ஒரு வரிதான். குழாயடியில் நடந்தது அதில் அடங்காது.

என் பெரிய தவறு சண்டை சம்பந்தமானதே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்று வாரம் வரவில்லை. ஷூ கம்பெனிக்குப் போய்விட்டான் என்று வகுப்பில் சொன்னார்கள். நானும் நம்பி அவன் பெயரை எமிஸில் பள்ளிப் பட்டியலிலிருந்து எடுத்துக் காமன் பூலுக்கு அனுப்பச் சொன்னேன். உண்மையில் கம்பெனி வண்டியில் போனது அவன் அம்மா. அவன் மஞ்சள்காமாலையில் கிடந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது வருகைப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான நாமினல் ரோல் எமிஸிலிருந்துதான் எடுக்கப்படும். அவனை மீட்டுச் சேர்க்கக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. 'என் பேரை ஏன் எடுத்தீங்க டீச்சர்?' என்று கேட்டானே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

இப்போது யார் பெயரையாவது எடுக்கச் சொல்வதற்கு முன் அந்த வீட்டுக்குப் போகிறேன். பள்ளி விட்டதும் போனால் பூட்டிக் கிடக்கும். கம்பெனி வண்டி வந்து சேர இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் போகிறேன்.